பேனாவைத் தொடக்கூடாத பத்தியம்!

அமெரிக்காவில் பிலடெல்பியா பெரிய நகரம். 1887-ம் ஆண்டு வசந்த காலத்தில், ஓர் இளம் தாய் அங்கே வந்து இறங்கினார். வயது 26. வைத்தியச் செலவுக்காக அவரிடம் 100 டாலர் இருந்தது. அதுவும் சொந்தப் பணம் அல்ல. அவருடைய தாயாரின் பழைய சிநேகிதி ஒருவர் மனம் இரங்கிக் கொடுத்தது.

அவருக்குக் காய்ச்சல் இல்லை. கட்டி இல்லை. கை, கால் எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் இரண்டு ஆண்டுகளாக அவர் அழுதுகொண்டே இருந்தார். எதற்காக அழுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டில் அன்பான கணவர் இருந்தார். விக்கிரகம் போல ஒரு பெண் குழந்தை இருந்தது. அந்தக் குழந்தையைத் தூக்கினாலே அவருக்குக் கண்ணீர் பெருகியது.

நாட்டிலேயே பெயர் பெற்ற நரம்பு வைத்தியரைத் தேடி அவர் வந்திருந்தார். வருவதற்கு முன்பே, தம் நோயின் வரலாறு முழுவதையும் ஒரு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பியிருந்தார். எப்போது தொடங்கியது, எப்போது குறைந்தது, எப்போது திரும்பி வந்தது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்.

டாக்டர் அந்தக் கடிதத்தை மதிக்கவில்லை. ஒரு பெண் தன் நோயைப் பற்றித் தானே இவ்வளவு எழுதுவது வெறும் தற்பெருமை என்று நினைத்தார்.

அந்தப் பெண்தான், பிற்காலத்தில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். தம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் டாக்டர் ஒருவர் கிடைப்பதற்கு, அன்றிலிருந்து அவர் இன்னும் 14 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தூங்குவது போல் நடித்த சிறுமி

சார்லட் 1860-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி, கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்போர்டு நகரில் பிறந்தார். தந்தை பிரெடரிக் பெர்க்கின்ஸ். படித்த குடும்பம். அடிமைகளின் துயரத்தை 'டாம் மாமாவின் குடிசை' என்ற நாவலில் எழுதி உலகை உலுக்கிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் அம்மையார், தந்தை வழியில் சார்லட்டுக்குப் பாட்டி முறை.

குடும்பப் பெருமை இருந்தது. ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டமாக இருந்தது. சார்லட் குழந்தையாக இருந்தபோதே தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார். தாயார் மேரி, மகனையும் மகளையும் வைத்துக்கொண்டு உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் காலம் தள்ளினார். 18 ஆண்டுகளில் 19 முறை வீடு மாறினார்கள். சார்லட் ஏழு பள்ளிக்கூடங்களுக்குப் போனாள். ஆனால் படித்த காலத்தை எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் நாலு ஆண்டுகள்தான்.

தாயார் கல்நெஞ்சக்காரி அல்ல. கணவரிடம் வைத்த அன்பு வீணாய்ப் போனதால், மகளாவது அன்புக்கு ஏங்காமல் வளர வேண்டும் என்று நினைத்தார். அதனால் மகளைக் கட்டி அணைக்க மாட்டார். முத்தம் கொடுக்க மாட்டார். மகள் தூங்கிய பிறகுதான் பக்கத்தில் வந்து கொஞ்சுவார்.

இதைச் சிறுமி கண்டுபிடித்துவிட்டாள். தூக்கம் வராமல் இருக்கத் தன்னை ஊசியால் குத்திக்கொள்வாள். தாயார் வந்ததும் தூங்குவது போல நடிப்பாள். அம்மாவின் கை தன் மேல் படும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இத்தனை பாடும்!

சொந்தக் காலில் நின்றாள்

ரோட் தீவு மாநிலத்தின் தலைநகரம் பிராவிடன்ஸ். வாலிபப் பருவத்தில் சார்லட் அங்கே ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தாள். வாழ்த்து அட்டைகளுக்குப் படம் வரைந்தாள். சோப்பு விளம்பரங்களுக்கும் வரைந்து கொடுத்தாள். பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்றுக் கொடுத்தாள். அந்த வருமானத்தில் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாள்.

உடம்பையும் நன்றாக வைத்திருந்தாள். தினமும் நீண்ட தூரம் நடப்பாள். பெண்களுக்கு ஓர் உடற்பயிற்சிக் கூடம் திறக்க முன்னின்று உதவினாள். உலகத்துக்குப் பயன்படும்படி பெரிய காரியம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை.

1882-ல் வால்ட்டர் ஸ்டெட்சன் என்ற இளம் ஓவியரைச் சந்தித்தாள். அழகர், குணசாலி. பழகிய சில நாட்களிலேயே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அவர் கேட்டார். சார்லட் முடியாது என்றாள். அவர்மீது அன்பு இல்லாமல் இல்லை. கல்யாணம் ஆனால் தன் வேலையெல்லாம் அடுப்பங்கரையோடு முடிந்துவிடுமோ என்ற பயம்தான் தடுத்தது. இரண்டு ஆண்டுகள் தயங்கினாள். பிறகு 1884-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி கல்யாணம் நடந்தது.

தொட்டில் அருகே கண்ணீர்

1885-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது. கேதரீன் என்று பெயர் வைத்தார்கள்.

கர்ப்பமாக இருந்தபோதே சார்லட்டுக்கு மனம் சோர்ந்துவிட்டது. பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டார் நம்பினார்கள். சரியாகவில்லை. பிரசவ காலத்துக்கு வைத்திருந்த தாதி போன பிறகு, நிலைமை இன்னும் மோசமாயிற்று.

நாள் முழுவதும் சாய்வு மஞ்சத்தில் படுத்து அழுதார். குழந்தைக்குச் சட்டை மாட்டுவதற்குள் கை நடுங்கியது. பால் கொடுக்கும்போது குழந்தையின் முகத்தைப் பார்ப்பார். மகிழ்ச்சி வர வேண்டிய இடத்தில் வேதனைதான் வந்தது. கண்ணீர் மார்பில் வழிந்தது.

கணவர் வீட்டு வேலையைச் செய்தார், ஆறுதல் சொன்னார். தாயாரும் வந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் நல்லவர்கள். ஆனால், அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்பது யாருக்கும் தெரியவில்லை. இப்படிப்பட்ட குழந்தையையும் கணவரையும் வைத்துக்கொண்டு அழுகிறோமே என்று சார்லட் தம்மையே நொந்துகொண்டார். நோயின் வேதனை ஒரு பக்கம். நல்ல தாயாக இல்லையே என்ற குற்ற உணர்ச்சி மறு பக்கம்.

இன்று டாக்டர்கள் இதைப் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று சொல்கிறார்கள். அன்று அதற்கு அப்படி ஒரு பெயர் வழக்கத்தில் இல்லை. பெண்கள் இப்படி அழுதால் நரம்புத் தளர்ச்சி என்பார்கள். ஹிஸ்டீரியா என்பார்கள். திமிர் என்று சொல்பவர்களும் உண்டு.

ரெயில் புறப்பட்டதும் நோய் போயிற்று

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சார்லட்டை ஊர் மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, அவர் ரெயில் ஏறினார். நாட்டின் மறு கோடியில் உள்ள கலிபோர்னியாவுக்குப் பயணம். பாசடினா என்ற ஊரில் அவருடைய உயிர்த்தோழி கிரேஸ் சானிங்கின் குடும்பம் இருந்தது.

ரெயில் சக்கரங்கள் சுழலத் தொடங்கியதுமே மனப் பாரம் குறைந்தது. பாசடினாவில் ஆரஞ்சுத் தோட்டங்களும் இளவெயிலும் அவரை வரவேற்றன. சார்லட் பழையபடி சிரித்தார். தோழியுடன் சேர்ந்து நாடகம் எழுதினார். உடம்பு தேறியது.

1886 மார்ச் மாதம் வீடு திரும்பினார். வந்து ஒரு மாதம் ஆவதற்குள் பழைய இருள் அப்படியே சூழ்ந்துகொண்டது.

அங்கே போனால் நோய் போகிறது; இங்கே வந்தால் நோய் வருகிறது. இது முக்கியமான தடயம் அல்லவா? இதையும் அவர் டாக்டருக்கு எழுதினார். அந்த டாக்டர் யார்?

படுக்கை வைத்தியம்

டாக்டர் சைலஸ் வெயர் மிட்செல் சாமானியர் அல்ல. 1860-களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, நரம்பில் குண்டு பாய்ந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். வெட்டி எடுத்த கால், இன்னும் இருப்பது போலவே வலிக்கிறது என்று சிப்பாய்கள் சொன்னதைக் கேட்டு, அதை ஆராய்ந்து எழுதியவர். நரம்பு வைத்தியத்தில் அவர் சொன்னதற்கு மறு பேச்சு இல்லை.

நரம்புத் தளர்ச்சிக்கு அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். அதுதான் ஓய்வு வைத்தியம். 1877-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். நோயாளியைப் படுக்கையில் போட்டுவிட வேண்டும். ஆறு வாரம் முதல் இரண்டு மாதம் வரை படுக்கைதான். பாலும் கொழுப்பும் நிறையக் கொடுக்க வேண்டும். உடம்பைப் பிடித்துவிட வேண்டும். மின்சாரம் பாய்ச்ச வேண்டும். வீட்டாரைப் பார்க்கக் கூடாது. படிக்கக் கூடாது. எழுதக் கூடாது. தையல் ஊசியைக் கூடத் தொடக் கூடாது.

உடல் மெலிந்து நொந்து போனவர்கள் சிலருக்கு இதனால் குணம் கிடைத்தது. அதனால் டாக்டரின் பெயர் நாடெங்கும் பரவியது.

ஆனால் அவர் ஆணுக்கு ஒரு வைத்தியம், பெண்ணுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். ஓவன் விஸ்டர் என்ற வாலிபர் நரம்புத் தளர்ச்சி என்று அவரிடம் போனார். அவரைப் படுக்கச் சொல்லவில்லை. மேற்கே வயோமிங் பகுதிக்குப் போய், குதிரை ஏறி, வெட்டவெளியில் சுற்றச் சொன்னார். அந்த வாலிபர் 1885-ல் அங்கே போனார். குணம் அடைந்தார். அங்கே கண்டதை வைத்து நாவல் எழுதிப் புகழும் அடைந்தார். அதே 1885-ல்தான் சார்லட்டுக்குக் குழந்தை பிறந்தது.

வெட்டவெளியும் பயணமும்தான் சார்லட்டையும் தேற்றின. அது அவர் கடிதத்திலேயே இருந்தது. கேட்பார் இல்லை.

டாக்டர் சொன்ன பத்தியம்

சார்லட்டைப் படுக்க வைத்தார்கள். ஊட்டினார்கள். குளிப்பாட்டினார்கள். உடம்பைத் தேய்த்துவிட்டார்கள். இளம் உடம்பு, சீக்கிரம் சதை பிடித்தது. ஒரு மாதம் ஆயிற்று. டாக்டர் பார்த்தார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

போகும்போது ஒரு பத்தியம் சொல்லி அனுப்பினார். வீட்டு வேலையோடு மட்டும் வாழ வேண்டும். குழந்தையை எந்நேரமும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். அறிவுக்கு வேலை கொடுப்பது நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பேனாவையோ, தூரிகையையோ, பென்சிலையோ உயிர் உள்ளவரை தொடக் கூடாது!

எழுத்தும் சித்திரமும்தான் சார்லட்டுக்கு மூச்சு. மூச்சு விடாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது போல் ஆயிற்று.

துணிப் பொம்மை

பெரிய டாக்டர் சொன்னது தப்பாக இருக்குமா? சார்லட் பத்தியத்தை அப்படியே கடைப்பிடித்தார். மாதங்கள் ஓடின.

அவருடைய மனம் பிறழும் எல்லைக்கு வந்துவிட்டது. கந்தல் துணியில் ஒரு பொம்மை செய்தார். அதைக் கதவுக் குமிழில் கட்டித் தொங்கவிட்டு விளையாடினார். பொருள் வைக்கும் சிற்றறைகளுக்குள் தவழ்ந்து போய் ஒளிந்துகொண்டார். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டார். படித்த பெண், கவிதை எழுதிய பெண், அவருக்கு இந்தக் கதி!

ஒரு கட்டத்தில் அவருக்குத் தெளிவு பிறந்தது. இந்த வைத்தியத்தைத் தொடர்ந்தால் தமக்குப் பைத்தியம் பிடிப்பது நிச்சயம் என்று உணர்ந்தார். 1887 இலையுதிர் காலத்தில், கணவரும் மனைவியும் உட்கார்ந்து பேசினார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பிரிந்து வாழ்வது என்று இருவரும் சம்மதித்தார்கள். அடுத்த ஆண்டு சார்லட் மூன்று வயதுக் குழந்தையை அழைத்துக்கொண்டு பாசடினாவுக்குப் போனார்.

டாக்டரின் பத்தியத்தைத் தூக்கி எறிந்தார். மறுபடியும் பேனாவைக் கையில் எடுத்தார்.

மஞ்சள் காகித அறை

1890-ம் ஆண்டு கோடையில் அவர் ஒரு சிறுகதை எழுதினார். பெயர் 'மஞ்சள் சுவர்க் காகிதம்'. அந்த நாட்டு வீடுகளில் சுவருக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டுவது வழக்கம்.

கதையில் பிள்ளை பெற்ற ஓர் இளம்பெண் வருகிறாள். அவளுடைய கணவனே டாக்டர். ஓய்வு வேண்டும் என்று சொல்லி அவளை மாடி அறையில் வைக்கிறான். ஜன்னலுக்குக் கம்பி. சுவரில் அருவருப்பான மஞ்சள் காகிதம். அவள் எழுதக் கூடாது. ஒளித்து ஒளித்து எழுதுகிறாள். செய்ய வேலை இல்லாததால் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். நாளாக ஆகக் காகிதத்தின் கோடுகளுக்குப் பின்னால் ஒரு பெண் சிறைப்பட்டிருப்பது போல அவளுக்குத் தோன்றுகிறது. கடைசியில் அந்தப் பெண்ணை விடுவிக்கக் காகிதத்தைக் கிழித்து எறிகிறாள். அப்போது அவளுக்கு முழுப் பைத்தியம் பிடித்துவிட்டிருக்கிறது. சீக்கிரம் தேறாவிட்டால் டாக்டர் வெயர் மிட்செலிடம் அனுப்பிவிடுவேன் என்று கணவன் சொல்வதாகவும் கதையில் வருகிறது. பெயரை மறைக்காமலே எழுதியிருந்தார்!

சார்லட்டுக்கு நிஜத்தில் சுவரில் உருவம் எதுவும் தெரியவில்லை. அவர் கணவரும் டாக்டர் அல்ல. தாம் தப்பிய பள்ளத்தில் இன்னொருத்தி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் கதையாக்கினார்.

முதலில் ஒரு பெரிய பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதைப் படித்துத் தாம் பட்ட வேதனையை மற்றவர்களுக்கும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லையாம். 1892 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து மாகசீன்' என்ற பத்திரிகை அதை வெளியிட்டது. இப்படி ஒரு கதை எழுதுவதே ஆபத்து என்று பாஸ்டன் டாக்டர் ஒருவர் பத்திரிகையில் கண்டனம் எழுதினார். கன்சாஸ் டாக்டர் ஒருவரோ, மனம் பிறழத் தொடங்கும் நிலையை இவ்வளவு சரியாக வேறு எங்கும் படித்ததில்லை என்று பாராட்டினார். தீவிர ஓய்வில் வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் வீட்டார், கதையைப் படித்துப் பயந்து அவரை வெளியே நடமாட விட்டார்கள், அவர் தேறிவிட்டார். இந்தச் செய்தி பின்னாளில் சார்லட்டின் காதுக்கு வந்தது.

கதையின் பிரதி ஒன்றை டாக்டர் மிட்செலுக்கும் அனுப்பி வைத்தார். பதில் வரவில்லை. டாக்டர் பிறகு தம் முறையை மாற்றிக்கொண்டதாகச் சார்லட் யாரோ சொல்லக் கேட்டார். 1913-ல் எழுதியும் வைத்தார். ஆனால் அதற்குச் சரியான ஆதாரம் ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைக்கவில்லை.

மகளையும் பிரிந்தார்

1894-ல் விவாகரத்து ஆயிற்று. ஸ்டெட்சன் அதே ஆண்டில் சார்லட்டின் தோழி கிரேஸை மணந்துகொண்டார். மூவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள். இதை ஊரால் தாங்க முடியவில்லை.

அப்போது சார்லட்டுக்கு நிலையான வருமானம் இல்லை. விடுதி நடத்தி, கடனில் மூழ்கி, நோயுற்ற தாயாரைக் கடைசிவரை கவனித்து வழி அனுப்பியிருந்தார். மகளுக்கு நல்ல வாழ்வும் தந்தையின் அன்பும் வேண்டும் என்று எண்ணி, ஒன்பது வயதுக் கேதரீனைத் தந்தையிடம் அனுப்பி வைத்தார்.

பெற்ற பிள்ளையைத் துறந்தவள், தாய்மை இல்லாதவள் என்று பத்திரிகைகள் தூற்றின. அவர் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. அதன் பிறகு பல ஆண்டுகள் வரை, தெருவில் ஒரு தாயும் குழந்தையும் சேர்ந்து போவதைப் பார்த்தால் அவருக்கு அழுகை வந்துவிடும்.

புகழ் வந்தது, களைப்பு போகவில்லை

1898-ல் 'பெண்களும் பொருளாதாரமும்' என்ற அவருடைய நூல் வெளிவந்தது. சோற்றுக்காகக் கணவனை நம்பியிருக்கும் நிலை பெண்ணுக்கும் நல்லதல்ல, நாட்டுக்கும் நல்லதல்ல என்று அதில் எழுதினார். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் ஒருத்தியின் தலையில் மட்டும் விழக் கூடாது என்றார். பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். 1900-ல் உறவினரான ஹோட்டன் கில்மன் என்ற வக்கீலை மணந்தார். இந்தக் கணவர் அவருடைய எழுத்துக்குத் துணையாக நின்றார்.

இத்தனை புகழ் வந்த பிறகும் பழைய நோயின் வடு ஆறவில்லை. சில நாட்களில் மூளை மரத்துப் போகும். வந்த கடிதத்தைக் கூடப் படிக்க முடியாது. நல்ல புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்தில் களைத்துவிடுவார். மேடையில் சிங்கம் போல முழங்குகிறவருக்கு இப்படி ஒரு குறை என்றால் பலர் நம்பவில்லை.

கேட்டு எழுதிய டாக்டர்

நியூயார்க்கில் மேரி புட்னம் ஜேக்கபி என்ற பெண் டாக்டர் இருந்தார். பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1864-ல் பட்டம் பெற்றவர். நம் நாட்டு ஆனந்திபாய் ஜோஷி கடல் கடந்து போய் 1886-ல் டாக்டர் பட்டம் பெற்றதும் இதே கல்லூரியில்தான். ஜேக்கபி அம்மையார் அதோடு நிற்கவில்லை. பாரிஸ் மருத்துவப் பள்ளியில் முதன்முதலாக இடம் கேட்டு வாங்கிய பெண் அவர். 1871-ல் அங்கேயும் பட்டம் பெற்றார். 1883-ல் தொண்டை அடைப்பான் நோய்க்குத் தம் சிறு மகனைப் பறிகொடுத்தவர். தாயின் துயரம் தெரிந்தவர்.

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் படிக்கவோ உழைக்கவோ கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்கள் சொல்லி வந்தார்கள். ஜேக்கபி அம்மையார் என்ன செய்தார்? 1,000 கேள்வித்தாள்களை அச்சிட்டுப் பெண்களுக்கே அனுப்பினார். 268 பேர் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களையும் தம் சோதனைகளையும் வைத்து, ஆரோக்கியமான பெண்களுக்கு இந்தக் கட்டாய ஓய்வு தேவையில்லை என்று காட்டினார். அந்தக் கட்டுரைக்கு 1876-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பாயில்ஸ்டன் பரிசு கிடைத்தது. எழுதியவர் பெயரை மறைத்து நடத்திய போட்டி அது. அடுத்த ஆண்டு அது புத்தகமாக வந்தது. டாக்டர் மிட்செலின் ஓய்வு வைத்தியப் புத்தகம் வெளியானதும் அதே 1877-தான்!

1901-ம் ஆண்டு சார்லட்டின் நிலையை ஜேக்கபி அம்மையார் அறிந்தார். அதில் அக்கறை கொண்டு, வைத்தியம் செய்து பார்க்க முன்வந்தார்.

அவரும் மருந்து கொடுத்தார். மின்சார வைத்தியமும் செய்தார். அது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் முக்கியமான மருந்து வேறு. சோர்ந்து கிடந்த மூளைக்குச் சிறிது சிறிதாக வேலை கொடுத்தார். முதலில் பாலர் பள்ளிக் குழந்தைகள் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். அதில் களைப்பு வராதபடி பார்த்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் கடினமான வேலை. பிறகு படிப்பு. கடைசியில், உயிரணுக்களைப் பற்றிய கனமான விஞ்ஞான நூலையே சார்லட் படிக்கத் தொடங்கினார். அதோடு தம் சொந்த எழுத்து வேலையையும் தொடர்ந்தார்.

கால் எலும்பு முறிந்தவனை, கட்டு அவிழ்த்த பிறகு மெல்ல மெல்ல நடக்கப் பழக்குவது போன்ற வைத்தியம் இது. மிட்செல் பேனாவைப் பறித்தார். ஜேக்கபி பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். நோய் அடியோடு போய்விடவில்லை. வாழ்நாள் முழுவதும் களைப்பு வந்து வந்து போயிற்று. ஆனால், தம்மை ஒரு மனுஷியாக மதித்துக் கேட்ட டாக்டரிடம் சார்லட் நல்ல பலன் கண்டார்.

தனி ஒருவர் நடத்திய பத்திரிகை

1909 முதல் 1916 வரை 'போர்ரன்னர்' என்ற மாதப் பத்திரிகையை அவர் நடத்தினார். கதை, கட்டுரை, கவிதை, தொடர்கதை எல்லாம் அவரே எழுதினார். எழுதக் கூடாது என்று தடை போடப்பட்ட பெண், ஏழு ஆண்டுகள் ஒரு பத்திரிகையைத் தனி ஆளாக எழுதி நிரப்பினார்! பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றிய 'ஹெர்லாண்ட்' என்ற நாவலும் 1915-ல் அதில்தான் வந்தது.

அவரிடம் குறை இல்லை என்று சொல்ல முடியாது. பெண்களுக்காக வாதாடிய அவரே, கறுப்பு இனத்தவரையும் குடியேறி வந்தவர்களையும் தாழ்த்தி எழுதியிருக்கிறார். அதை இன்று யாரும் ஏற்பதில்லை.

1932-ல் அவருக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. 1934-ல் கணவர் திடீரென்று இறந்தார். சார்லட் பாசடினாவுக்குப் போய், மகள் கேதரீன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறினார். எந்த மகளைத் துறந்ததாக ஊர் தூற்றியதோ, அந்த மகளின் அருகில்தான் கடைசி நாட்களைக் கழித்தார். புற்றுநோய் முற்றிய நிலையில், 1935 ஆகஸ்ட் 17-ந் தேதி, 75-வது வயதில் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

பிறகு உலகம் அவரை மறந்தது. 1973-ல் 'மஞ்சள் சுவர்க் காகிதம்' தனிப் புத்தகமாக மறுபடியும் அச்சாயிற்று. இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் அது பாடம்.

பத்துக் கேள்விகள்

சார்லட் பிலடெல்பியாவுக்குப் போய்ச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1987-ல், பிரிட்டனில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர். பத்தே கேள்விகள். சிரிக்க முடிகிறதா, காரணம் இல்லாமல் பயம் வருகிறதா, அழுகை வருகிறதா, தூக்கம் கெடுகிறதா என்று பிள்ளை பெற்ற தாயிடமே கேட்கும் கேள்விகள். இன்று பல நாடுகளில் டாக்டர்களும் தாதிகளும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அன்று தாய் எழுதிய கடிதத்தை ஒதுக்கினார்கள். இன்று தாயின் பதிலிலிருந்துதான் வைத்தியமே தொடங்குகிறது.

பிள்ளை பெற்ற தாய்மாரில் 100-க்கு 13 பேருக்கு மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வளரும் நாடுகளில் இது ஏறக்குறைய 20 பேர். பிரசவம் ஆன முதல் சில நாட்களில் லேசான அழுகை வருவது சகஜம். அது தானே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேலும் இருள் விலகாவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். பேசித் தேற்றும் சிகிச்சை உண்டு. தேவையானால் மருந்தும் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்தை டாக்டரே பார்த்துத் தருவார். நம் நாட்டில் 2022 முதல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கிறது. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

முதலில் பார்த்த டாக்டர் காது கொடுத்துக் கேட்கவில்லையா? இன்னொருவரைப் பார்க்கலாம். அதில் வெட்கம் இல்லை. சார்லட்டுக்கு அப்படி ஒருவர் கிடைக்க 14 ஆண்டுகள் ஆயின. இன்று ஒரு தாய் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அவள் அழுவதைப் பார்த்ததும், ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடும்.